ஆய்த்து என்றால் ஆச்சா?

இரண்டு வாரம் முன்னால், ஒரு வியாழக்கிழமை. அந்த அறையில் இருந்தவர்கள்:

சுந்தரேசன் சார். மேனேஜர். சென்னைக்காரர். பெங்களூர் வைட்ஃபீல்டுக்கு வந்து மூன்று வருடம். கன்னடத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை – ‘கொத்தில்லா’. தெரியாது என்று அர்த்தம்.

சௌம்யா மேடம். கோயம்புத்தூர். டிசைன் போடுகிறவர்.

கார்த்திக். திருநெல்வேலி. லிஸ்ட் படித்து டிக் போடுகிறவன்.

தேஷ்முக் சார். கஸ்டமர் அனுப்பிய ஆடிட்டர். புனேக்காரர். சிரிக்க மாட்டார்.

மஞ்சுநாத். பொம்மசந்திராவில் மெஷின் பார்க்கிறவர். இங்கே பக்கத்து ஆனேக்கல்காரர், கன்னடக்காரர். வேலை போகப்போகிறவர்.

நான். வேன் ஓட்டுகிறவன்.

ஆறு பேர். அறைக்குப் பெயர் ‘காவேரி’. எங்கள் ஆபீசில் மீட்டிங் அறைக்கெல்லாம் ஆற்றுப் பெயர்தான். பஞ்சாயத்து என்றால் மட்டும் ஏனோ காவேரியில்தான் வைக்கிறார்கள்.

வேன் ஓட்டுகிறவனுக்கு மீட்டிங்கில் என்ன வேலை? நானும் கேட்டேன். “டேப் ரிஜிஸ்டரோட வாங்க ஏழுமலை” என்றார்கள். போனேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி.

எங்கள் கம்பெனி சின்னது. மற்ற கம்பெனிகளின் கம்ப்யூட்டரில் இருப்பதற்கெல்லாம் நகல் எடுத்து வைப்பது தொழில். பேக்கப் என்பார்கள். தீப்பிடித்தால், தண்ணீர் புகுந்தால், எவனாவது களவாணி லைன் வழியாக உள்ளே வந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால் – நகலில் இருந்து திருப்பி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ரீஸ்டோர் என்று பெயர்.

இந்தக் கஸ்டமர், சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறவர்கள். உங்களுக்கு மூன்று வருடம் முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். இன்றைக்கு டாக்டர் கேட்கிறார் – பழைய படம் எங்கே? அது இவர்களிடம் இருக்கும். இவர்களிடம் போனால் எங்களிடம் இருக்கும். எங்களிடமும் போனால்... டாக்டர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வைத்தியம் பண்ண வேண்டும்.

சௌம்யா மேடம் போட்ட டிசைன் சுலபம். எனக்கே புரிந்தது. மூன்று நகல். ஒன்று வைட்ஃபீல்டில், அதே கட்டடத்தில். இன்னொன்று லைன் வழியாகப் பொம்மசந்திராவுக்குப் போகும். அங்கே இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் எங்களுக்கு ஒரு அறை உண்டு. இந்தப் பக்கம் போல்ட் செய்கிறவன், அந்தப் பக்கம் பிளாஸ்டிக் மூடி செய்கிறவன், நடுவில் நாங்கள். மூன்றாவது நகல், டேப். உள்ளங்கை அளவு கருப்பு கேசட். இருபது கேசட் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை வெள்ளிக்கிழமைதோறும் வேனில் கொண்டுபோகிறவன் நான்.

இந்தக் காலத்தில் டேப்பா? நானும் கேட்டேன்.

“லைன்ல போறதை எவனும் பிடிச்சிடலாங்ண்ணா. பெட்டிக்குள்ள கிடக்கறத எப்படிப் பிடிப்பான்?” என்றார் மேடம்.

எனக்குப் பிடித்திருந்தது. என் வேலைக்கு இதைவிட நல்ல காரணம் யாரும் சொன்னதில்லை.

டிசைன் படத்தில் நானும் இருக்கிறேன். கீழ் மூலையில். சின்ன லாரியாக. வைட்ஃபீல்டில் இருந்து பொம்மசந்திராவுக்கு ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டில் வர்த்தூர் இல்லை. சர்ஜாபுரா ரோடு இல்லை. தோண்டிப் போட்டுவிட்டு மறந்துபோன குழி இல்லை. படத்தில் நான் எப்போதும் நேரத்துக்குப் போய்விடுகிறேன்.

நிஜத்தில்? மூன்று மணிக்குப் போய்ச் சேர வேண்டும். சில வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வாசலில் பெட்டியை இறக்கிக்கொண்டிருப்பேன். பல வெள்ளிக்கிழமை சர்ஜாபுரா ரோட்டில் ஒரு தண்ணீர் லாரியின் முதுகைப் படித்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் மூன்று மணி என்றால் மூன்று மணிக்கு ஒன்று நடந்துவிடும். வைட்ஃபீல்டில் கார்த்திக்கின் கம்ப்யூட்டர் மணி அடிக்கும். அவன் உடனே மஞ்சுநாத்துக்கு ஃபோன் போடுவான். நான் நேரத்துக்குப் போன நாள் என்றால் மஞ்சுநாத் ஸ்பீக்கரில் வைப்பார். என் பெட்டியை வாங்க அவருக்கு இரண்டு கையும் வேண்டும்.

“சார், டேப் சேஞ்ச்?”

“ஆய்த்து.”

“பாக்ஸ் சீல்?”

“ஆய்த்து.”

“கிளீனிங் கேசட்?”

“ஆய்த்து.”

மாதக் கடைசி வெள்ளி என்றால் கூடுதலாக ஒன்று.

“டெஸ்ட் ரீஸ்டோர்?”

“ஆய்த்து, ஆய்த்து.”

“தேங்க்ஸ் சார்.”

ஒரு நிமிடம் ஆகாது. அங்கே கார்த்திக் எக்செல்லில் பச்சை டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான்.

ஆய்த்து – கன்னட வார்த்தை. கார்த்திக் ஊருக்குப் புதிது. வந்து ஒரு வருடம். நம்ம ‘ஆச்சு’ என்பதைத்தான் இவர்கள் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

பாதி சரி. மீதிப் பாதிதான் இந்த வாரக் கதை.

அந்த மீட்டிங்குக்கு முந்தின சனிக்கிழமை டிரில். ஒத்திகை. நிஜமாக எதுவும் போகவில்லை, போனதாக நினைத்துக்கொள்ள வேண்டும். தேஷ்முக் சார்தான் கதை சொன்னார். களவாணி புகுந்துவிட்டான். வைட்ஃபீல்ட் போச்சு. லைனில் போன நகலும் போச்சு. மிச்சம் இருப்பது டேப் மட்டும். இப்போது பொம்மசந்திராவில், டேப்பில் இருந்து எனக்கு ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்துக் காட்டு.

அவ்வளவுதான் கேட்டார். ஆயிரம் கேட்கவில்லை. “ஐ டோன்ட் வான்ட் ரிப்போர்ட். ஷோ மீ ஒன் ஃபைல்.”

சௌம்யா மேடம் உட்கார்ந்தார். மஞ்சுநாத் கேசட்டைப் போட்டார். மெஷின் உறுமியது. திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. சாவி கேட்டது.

டேப்பில் இருப்பதை யாரும் படிக்கக் கூடாது என்று பூட்டி வைப்பார்கள். அதற்கு ஒரு சாவி. இரும்புச் சாவி இல்லை – எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி.

அந்த வரி எங்கே இருக்கிறது? மேடம் விரல் கீபோர்டிலேயே நின்றுவிட்டது.

வைட்ஃபீல்ட் சர்வரில் இருக்கிறது. எந்த சர்வர் போய்விட்டதாக நினைத்துக்கொண்டோமோ, அதில்.

வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறோம். அதுவும் மூன்று பூட்டு போட்டு.

கார்த்திக் வைட்ஃபீல்டில் இருந்து ஃபோனில் கத்தினான். “மேடம், அது இங்கனதான் இருக்கு. வாட்ஸாப்ல அனுப்பட்டுமா?”

தேஷ்முக் சார் ஃபோனை வாங்கினார். “யூ ஆர் டெட். டெட் மேன் நோ டாக்கிங்.” வைத்துவிட்டார்.

டிரில் ஃபெயில்.

மாதாமாதம் டெஸ்ட் ரீஸ்டோர் பண்ணியிருந்தால் முதல் மாதமே இது தெரிந்திருக்கும். பண்ணினார்களா? எக்செல்லைத் திறந்தார்கள். பதினோரு மாதம். பதினோரு பச்சை.

அங்கேதான் மஞ்சுநாத் மாட்டினார்.

இப்போது காவேரிக்கு வருவோம்.

சுந்தரேசன் சார் எக்செல்லைச் சுவரில் போட்டார். முழுக்கப் பச்சை. லால்பாக் மாதிரி.

“பதினோரு டெஸ்ட் ரீஸ்டோர். எல்லாம் முடிஞ்சதுன்னு இருக்கு. மஞ்சுநாத், இதுல ஒண்ணாவது பண்ணீங்களா?”

“இல்லா சார்.”

“அப்புறம் ஏன் பண்ணேன்னு சொன்னீங்க?”

“நான் ஹங்கே ஹேளில்ல சார். அப்படி சொல்லலே.”

“கார்த்திக், சொன்னாரா இல்லையா?”

கார்த்திக் சுவரில் இருந்த எக்செல்லைப் பார்த்தான். “சொன்னாரு சார். ஒவ்வொரு மாசமும் சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“ஆய்த்துன்னாரு.”

எல்லாரும் மஞ்சுநாத்தைப் பார்த்தார்கள்.

“ஹௌது சார்” என்றார் மஞ்சுநாத். கொஞ்சமும் தயங்கவில்லை. “ஆய்த்து அந்தே. அது சொன்னேன்.”

“பாத்தீங்களா! அவரே ஒத்துக்கறாரு” என்றார் சுந்தரேசன் சார். தேஷ்முக் பக்கம் திரும்பினார். “ஹியூமன் எரர். நோ, நோ – ஃபால்ஸ் என்ட்ரி.”

வேலை போவது ஒரு பக்கம். இந்தத் தொழிலில் ‘ஃபால்ஸ் என்ட்ரி’ என்று ஒரு பேப்பரில் எழுதிவிட்டால், ஒசூர் ரோட்டில் எந்த சர்வர் ரூம் வாட்ச்மேனும் அவரைக் கேட் தாண்ட விட மாட்டான். ஒன்பது வருடமாக அந்த அறையைப் பார்க்கிறார் மஞ்சுநாத். ஏ.சி. சத்தம் மாறினால் வெளியே நின்றே சொல்வார். வேறு வேலை தெரியாது.

“ஹெச்.ஆர்.க்கு மெயில் ரெடி. டிராஃப்ட்ல இருக்கு” என்றார் சுந்தரேசன் சார்.

மஞ்சுநாத் என்னைப் பார்த்தார். எதற்காகத் திட்டுகிறார்கள் என்றே அவருக்குப் புரியவில்லை. அது முகத்தில் தெரிந்தது. ‘ஏன் குரு இது?’ என்கிற மாதிரி ஒரு பார்வை.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பேசிப் பழக்கம் இல்லை. மீட்டிங்கில் நான் பேசின கடைசி வார்த்தை ‘பார்க்கிங்’. அதற்கும் ஒரு வருடம் ஆகிறது.

அப்போது கதவு திறந்தது. பசண்ணா. எங்கள் ஆபீஸ் டீக்காரர். என் வயது, என் வழுக்கை.

“பசண்ணா, ஆறு டீ” என்றார் சுந்தரேசன் சார். “ஒண்ணு சக்கரை இல்லாம.”

“ஆய்த்து சார்.” பசண்ணா கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நான் கை தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூடத் தூக்கியதில்லை.

“சார், டீக்கு டிக் போட்டுடலாமா?”

“என்னது?”

“எக்செல்ல சார். டீ. பச்சை டிக்கு.”

“என்ன ஏழுமலை, டீ எங்க வந்துச்சு?”

“பசண்ணா ஆய்த்துன்னுட்டாரே.”

“இப்பதானேங்க சொல்லியே அனுப்பினேன்!”

“அதான் சார்.”

நிறுத்திக்கொண்டேன். இதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

முதலில் பிடித்தது சௌம்யா மேடம். வாயைப் பொத்திக்கொண்டார். கார்த்திக் சுவரில் இருந்த பச்சையைப் பார்த்தான், மூடிய கதவைப் பார்த்தான், மறுபடி பச்சையைப் பார்த்தான்.

“யம்மா...” என்றான்.

தேஷ்முக் சாருக்கு மேடம் இங்கிலீஷில் சொன்னார். நான் சொன்ன மூன்று வரி இங்கிலீஷில் பத்து நிமிடம் வந்தது. தேஷ்முக் சார் சிரிக்கவில்லை. பேனாவை மட்டும் மூடி வைத்தார்.

ஊருக்குப் புதியவர்களுக்குச் சொல்கிறேன். பெங்களூரில் ஆய்த்து இரண்டு. ஒன்று, ஆச்சு. இன்னொன்று, சரி – ஆகட்டும். வேலையை முடித்தவரும் ஆய்த்து என்பார். வேலையை இனிமேல் ஆரம்பிக்கப் போகிறவரும் ஆய்த்து என்பார். ஆரம்பிக்கப் போகாதவரும் அதையேதான் சொல்வார். முகத்தைப் பார்த்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஃபோனில் முகம் ஏது?

கார்த்திக் கேட்டது ‘டெஸ்ட் ரீஸ்டோர்?’ அவ்வளவுதான். செய்தீர்களா என்று இல்லை, செய்யுங்கள் என்றும் இல்லை. வாக்கியத்துக்கு வாலே கிடையாது. அவன் கணக்கில் அது கேள்வி. மஞ்சுநாத் கணக்கில் அது ஆர்டர். இவர் ‘சரி, பண்றேன்’ என்றார். அவன் ‘சரி, பண்ணிட்டார்’ என்று டிக் போட்டான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பதினோரு மாதம் இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

சுந்தரேசன் சார் விடவில்லை. “இதெல்லாம் கதை ஏழுமலை. புரூஃப் வேணும்.”

ரிஜிஸ்டரோடு வரச் சொன்னது நல்லதாகப் போயிற்று. அதன் நடுவில் நான் கேட் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பேன். பொம்மசந்திரா கேட்டில் நேரம் அடித்துக் கொடுக்கிற துண்டுச் சீட்டு. தூக்கிப் போட மனம் வராது.

ஒன்றை எடுத்து வைத்தேன். “எக்செல்ல இந்தச் சீட்டுல இருக்கற வெள்ளிக்கெழம டேப் சேஞ்ச் எத்தினி மணி சார்?”

“மூணு ஒண்ணு.”

“நான் கேட்ல நொழஞ்சது மூணே முக்கா.”

“அதனால?”

“டேப்பு என்கிட்ட இருந்துச்சு சார்.”

இன்னொரு சீட்டு. மூன்று இருபது. இன்னொன்று. மூன்று ஐம்பது. என் தாமதம் எல்லாம் அன்றைக்கு வரிசையாக வந்து மஞ்சுநாத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிற்று. சர்ஜாபுரா ரோட்டுக் குழியால் ஒரு மனிதனுக்கு நல்லது நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அப்ப டேப் சேஞ்சும் பண்ணலையா?” சுந்தரேசன் சார் பதறினார்.

“எல்லாம் மாடிதே சார்” என்றார் மஞ்சுநாத். “வேன் வந்த மேலே எல்லாம் பண்ணினேன். ரீஸ்டோர் மட்டும் இல்லா. அதுக்கு எக்ஸ்ட்ரா மெஷின் வேணும். ஓடற மெஷின்ல டெஸ்ட் மாடக் கூடாது, மேடம் ரூல். மெஷின் கொடி அந்த மெயில் ஹாக்தே. மெஷின் குடுங்கன்னு மெயில் போட்டேன்.”

“எப்போ?”

“ஃபர்ஸ்ட் மாசம். ஆமேலே மூணாவது மாசம். ஆமேலே தீபாவளி டைம்.”

“யாருக்கு?”

“நிமகே சார். உங்களுக்கு.”

சுந்தரேசன் சார் லேப்டாப்பில் தேடினார். கிடைத்தது. மூன்று மெயில். மூன்றுக்கும் பதில் போட்டிருக்கிறார். ஒரே வார்த்தை.

“என்ன சார் போட்டிருக்கீங்க?” என்றார் சௌம்யா மேடம், ரொம்ப மெதுவாக.

“நோட்டட்.”

கார்த்திக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “சார்... நோட்டட்னா இங்கிலீஷ்ல ஆய்த்துல்லா?”

அந்த நேரம் பார்த்து பசண்ணா டீயோடு வந்தார். ஆறு. ஒன்று சக்கரை இல்லாமல்.

“இப்ப டிக் போடுங்க” என்றார் மேடம்.

யாரை விட்டது இந்த வியாதி? எங்கள் வேன் மெக்கானிக் சிவாஜிநகரில் இருக்கிறார். பிரேக் சத்தம் போடுகிறது என்றால் “ஹோ ஜாத்தா” என்பார். ஆகிவிடும் என்று அர்த்தம். எப்போது ஆகும் என்று அந்த வார்த்தையில் இல்லை. அல்சூரில் எங்கள் வீட்டு பாத்ரூம் குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்று என்று தனம் சொல்லி மூன்று மாதம். ஒவ்வொரு தடவையும் நான் ஆய்த்து என்றேன். தனம் என் பெண்டாட்டி. அவள் அல்சூரிலேயே பிறந்தவள், இந்த வார்த்தையின் இரண்டு பக்கமும் தெரிந்தவள். அதனால் டிக் போடவில்லை. “உன் ஆய்த்துல தண்ணி நிக்காதுய்யா” என்றாள். பக்கெட் வைத்துவிட்டாள்.

அதுதான் சரியான டிசாஸ்டர் ரிக்கவரி என்று இப்போது தோன்றுகிறது. சொன்னதை நம்பவில்லை. சொட்டுவதைப் பார்த்தாள்.

மீட்டிங் கலையும்போது கார்த்திக் என் பக்கம் வந்தான். அவன் முகம் சின்னதாகிவிட்டது.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு முன்னாலயே தெரியும்லா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?”

நியாயமான கேள்வி. கையில் பெட்டியோடு நின்று அந்த ஃபோனை எத்தனை வெள்ளிக்கிழமை கேட்டிருப்பேன்? டேப் என் கையில். அவர் ஆய்த்து என்கிறார். எனக்கு இரண்டு பாஷையும் தெரியும். உறைக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“தப்புதான் தம்பி” என்றேன்.

சௌம்யா மேடமும் ஒன்று சொன்னார். எல்லார் முன்னாலும், தேஷ்முக் சாரைப் பார்த்து, இங்கிலீஷில். சாவியை அங்கே வைத்தது மஞ்சுநாத் இல்லை. என் டிசைன். என் தப்பு. அவ்வளவுதான். எனக்கே புரிகிற இங்கிலீஷ். பெரிய படிப்பு படித்தவர்கள் இப்படிச் சின்ன வாக்கியம் பேசினால் கேட்க நன்றாக இருக்கிறது.

தேஷ்முக் சார் எழுந்தார். யார் தப்பு என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. “நெக்ஸ்ட் வீக் சாட்டர்டே. ஒன் ஃபைல்.”

“அதுவும் ஃபெயிலாச்சுன்னா கான்ட்ராக்ட் போச்சு. பொம்மசந்திரா ரூமையே மூடிடுவாங்க” என்றார் சுந்தரேசன் சார், அவர் போனபிறகு. “மெயிலை அனுப்பல. டிராஃப்ட்லயே இருக்கட்டும். சனிக்கிழமை பாக்கலாம்.”

மஞ்சுநாத் தலையாட்டினார். தூக்குத் தண்டனை இல்லை. வாய்தா.

பதினோரு மாதம் வராத மெஷின் இரண்டே நாளில் வந்தது. நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். சௌம்யா மேடம் சாவியைப் பேப்பரில் அச்சடித்து, இரண்டு கவரில் போட்டு, அரக்கு வைத்தார். ஒரு கவர் பொம்மசந்திரா பீரோவில். இன்னொன்று ஊரின் வேறு கோடியில் ஒரு லாக்கரில்.

“பேப்பர்லயா?” என்றார் சுந்தரேசன் சார்.

“பேப்பருக்கு வைரஸ் வராதுங்க சார்” என்றார் மேடம்.

சனிக்கிழமை. மறுபடி அதே கதை. களவாணி, வைட்ஃபீல்ட் போச்சு, லைன் போச்சு. கார்த்திக்கை இந்தத் தடவை முன்கூட்டியே சாகடித்துவிட்டார்கள். ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு கேன்டீனில் உட்கார வைத்தார்கள்.

எல்லாரையும் வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு நான் ஓரமாக நின்றேன். போகச் சொல்லவில்லை.

புது விதி ஒன்று. சாவியைப் படிக்கிறவர் ஒருவர், அடிக்கிறவர் இன்னொருவர். மூன்று தடவை தப்பினால் மெஷின் தானே பூட்டிக்கொள்ளும். அப்புறம் அன்றைக்குத் திறக்காது. மஞ்சுநாத் கவரைப் பிரித்தார். படித்தார். சௌம்யா மேடம் அடித்தார்.

தப்பு என்றது மெஷின்.

மறுபடி முதலில் இருந்து, நிதானமாக. இருந்தும் தப்பு.

சுந்தரேசன் சார் ஃபோனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டிராஃப்ட் அதில்தான் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு தடவை.

“எழுத்து எழுத்தா போலாம்” என்றார் மேடம். “நீங்க சொல்லுங்க. நான் திரும்பச் சொல்றேன்.”

பாதி வரை சரியாகப் போயிற்று.

“ஆமேலே சொன்னே” என்றார் மஞ்சுநாத்.

“ஆமா, சொன்னீங்க. ஓ. போட்டேன்.”

“ஓ அல்லா மேடம். சொன்னே.”

“அதாங்க, நீங்க ஓன்னு சொன்னீங்க, நான் ஓ போட்டிருக்கேன்.”

“ஐயோ, ஓ அல்லா! சொன்னே! சொன்னே!”

“எத்தனை தடவைங்க சொல்வீங்க?”

நான் தொண்டையைச் செருமினேன். “மேடம். கன்னடத்துல ‘சொன்னே’ன்னா பூஜ்யம்.”

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஓ-வை அழித்தார். பூஜ்யம் போட்டார். பேப்பரில் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி முட்டை; பூஜ்யத்துக்குள் மட்டும் மெல்லிசாக ஒரு கோடு. இரண்டு தடவை ‘ஓ’ என்று படித்தது மஞ்சுநாத். மூன்றாவது தடவை உற்றுப் பார்த்து, அந்தக் கோட்டைக் கண்டு, சொந்த பாஷையில் சரியாகச் சொன்னார். சரியாகச் சொன்னபோதுதான் புரியவில்லை.

மீதி எழுத்துகள் முடிந்தன. மேடம் பட்டனைத் தட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தினார்.

தட்டினார்.

திறந்தது.

டிசைனில் நாலு மணி நேரம் என்று போட்டிருந்தது. எல்லாம் வந்து முடிய ஆறே கால் மணி நேரம் ஆயிற்று. மேடம் அந்த ஆறே காலை அப்படியே எழுதினார். மழுப்பவில்லை.

தேஷ்முக் சார் கண்ணை மூடிக்கொண்டு லிஸ்டில் ஓர் இடத்தில் விரல் வைத்தார். அதைத் திறந்தார்கள்.

முழங்கால். எக்ஸ்ரே. வெள்ளையாக, சுத்தமாக.

யாருடைய முழங்காலோ. பெயரை மறைத்திருந்தார்கள். ஆணா பெண்ணா தெரியாது. அந்த ஆளுக்கு நாங்கள் என்று சிலர் இருப்பதே தெரியாது. இனிமேலும் தெரியப்போவதில்லை.

தேஷ்முக் சார் ரொம்ப நேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். மஞ்சுநாத் அந்தத் திரை முன்னாலேயே நின்றார். பிறகு குனிந்து தன் முழங்காலை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

சுந்தரேசன் சார் ஃபோனை எடுத்தார். மஞ்சுநாத் பார்க்கவே அந்த மெயிலை அழித்தார்.

“இதுக்கு மட்டும் பேக்கப் வேணாம்” என்றார்.

மூன்று வருடத்தில் அவர் செய்த முதல் ஜோக். எல்லாரும் சிரித்தோம். மஞ்சுநாத்துக்குத்தான் சிரிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை மறுபடி காவேரி. தேஷ்முக் சார் ஊருக்குப் போய்விட்டார். மீதி ஐந்து பேர். பசண்ணா டீ வைத்துக்கொண்டிருந்தார்.

சுந்தரேசன் சார் எழுந்து நின்று சொன்னார்: “இனிமே மாசாமாசம் டெஸ்ட் ரீஸ்டோர். எந்தப் படத்தைத் திறந்து பாத்தீங்கன்னு எழுதணும். இன்னொண்ணு – அந்த வார்த்தை இனிமே இந்த ஆபீஸ்ல கிடையாது. யாரும் சொல்லக் கூடாது. பண்ணிட்டா பண்ணிட்டேன்னு சொல்லுங்க, பண்ணலைன்னா பண்ணலைன்னு சொல்லுங்க. சரியா?”

“ஆய்த்து சார்” என்றான் கார்த்திக்.

“ஆய்த்துங்க” என்றார் சௌம்யா மேடம், லேப்டாப்பில் இருந்து தலையெடுக்காமல்.

தனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று நினைத்து, பசண்ணாவும் சொன்னார்.

நானும்தான். வாயில் வந்துவிட்டது.

மஞ்சுநாத் மட்டும் உஷார். யோசித்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “கொத்தாய்த்து சார்” என்றார். புரிந்தது என்று அர்த்தம்.

எத்தனை ஆய்த்து என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்; அதைப் பாதியாக வைத்தேன்.

மொத்தம் நாலரை.